கம்மாக்கரை ரோடு



பதிவு கொஞ்சம் நீளம். மணி அடித்த பிறகும் ஐந்து நிமிடம் இழுக்கிற வாத்தியார் நான் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. காபியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

போன மாதம், மியூனிக்கில் வேலை பார்க்கும் நம் பழைய மாணவர் ஒருவர் சில படங்கள் அனுப்பினார். ஆஸ்திரியாவில் சால்ஸ்காமர்கூட் என்று ஒரு வட்டாரம். மலை, மலைக்கு நடுவே ஏரி, ஏரியை ஒட்டிச் சரளைப் பாதை. அந்தப் பாதையில் தலைக்கவசமும் சைக்கிளுமாக நிற்கிறார். கீழே எழுதியிருந்தார்: "சார், இங்க கார் லாரி வராத சரளை ரோட்டைத் தேடித் தேடி மேப் போட்டு வச்சிருக்காங்க. அதுக்குன்னே தனி சைக்கிள். விலையைச் சொன்னா நீங்க திட்டுவீங்க."

வீட்டம்மாவிடம் காட்டினேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டு, "இது நம்ம கம்மாக்கரை மாதிரில்லங்க இருக்கு. முள்ளுதான் இல்ல" என்றாள்.

நான் சிரித்தேன். பிறகு ராத்திரி தூக்கம் வரவில்லை. அவள் சொன்னதில் பாதி வரலாறு இருக்கிறது. மீதியை எழுதிவிடலாம் என்று உட்கார்ந்தேன்.

முதலில் வெளியூர் மருமக்களுக்கு ஒரு விளக்கம். இது தென்காசிப் பக்கத்து ஆலங்குளம் இல்லை. விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளம், சிமெண்ட் ஆலங்குளம். கிழக்கே சிவகாசி, வெம்பக்கோட்டை. மேற்கே ராஜபாளையமும் அதற்குப் பின்னால் மேற்குத் தொடர்ச்சி மலையும். மழை பெய்து வானம் கழுவிவிட்ட மாதிரி இருக்கும் காலையில் நம் மொட்டை மாடியிலிருந்தே மலை தெரியும். "மலையும் ஏரியும் உள்ள வட்டாரம்" என்று நம்மை யாரும் சொல்வதில்லை. பட்டாசு, தீப்பெட்டி, வறட்சி என்றுதான் சொல்வார்கள். ஆனால் மலை இருக்கிறது. ஏரியும் இருக்கிறது, அதற்கு இங்கே கண்மாய் என்று பெயர்.

சாலை வரலாறு என்றால் நாங்கள் வகுப்பில் அசோகர், ஷெர்ஷா, ராணி மங்கம்மாள் என்று மூன்று பேரைச் சொல்லி முடித்துவிடுவோம். முப்பது வருஷத்துக்கு மேல் நானும் அப்படித்தான் முடித்தேன். ஊருக்கும் ஊருக்கும் நடுவே இருந்த பாதையை எந்த ராஜாவும் போடவில்லை என்பதை ஒரு நாளும் சொன்னதில்லை. அதைப் போட்டது மண்ணும் தண்ணீரும்.

கரிசலை உங்களுக்கு நான் சொல்லித் தர வேண்டாம். கோடையில் கால் உள்ளே போகிற அளவுக்கு வெடித்துக் கிடக்கும். மழை பெய்துவிட்டால் ஊறி உப்பி, மிதிக்கிற காலைப் பிடித்துக்கொள்ளும். சைக்கிள் என்றால் கேட்கவே வேண்டாம். பத்தடி உருட்டுவதற்குள் டயருக்கும் மட்கார்டுக்கும் நடுவே களி அடைத்து, சக்கரம் சுற்றாது. குச்சியை ஒடித்துக் குத்தி எடுக்க வேண்டும், மறுபடி பத்தடி. கடைசியில் வண்டியில் நாம் போவது போய், வண்டி நம் தோளில் போகும். அதனால் வண்டிப்பாதை என்பது வெயில் காலத்துப் பாதை. மழைக் காலத்தில் ஊர் ஜனம் எதில் நடந்தது? கரையில். கண்மாய்க்கரை மட்டும்தான் மேடு. ஆள் மிதித்தும் மாடு மிதித்தும் இறுகிப்போன மண். ஓடைச் சரளையும் சுக்கான் கல்லும் கலந்து கிடக்கும். மழை நின்ற அரை மணி நேரத்தில் தண்ணீர் வடிந்து நடக்கத் தோதாகிவிடும்.

இதில் எனக்கே வெகு நாள் பிடிபடாத ஒரு சங்கதி இருக்கிறது. நம் பக்கத்துத் தரை மேற்கே மலையடிவாரத்திலிருந்து கிழக்கே கடலைப் பார்த்துச் சாய்வு. வைப்பாறும் அதில் வந்து சேரும் காட்டாறுகளும் ஓடுவது அப்படித்தான். கண்மாய்களும் அப்படித்தான் அடுக்கியிருக்கின்றன. மேலக் கண்மாய் நிறைந்தால் கலிங்கு வழியாக மறுகால் பாய்ந்து, வரத்துக்கால் வழியாகக் கீழக் கண்மாய்க்கு வரும். அது நிறைந்தால் அடுத்தது. தமிழ்நாட்டில் 39,000-க்கும் மேல் ஏரி கண்மாய்கள் என்று கணக்குச் சொல்கிறார்கள். நம் தென் மாவட்டங்களில் பெரும்பாலானவை இப்படிச் சங்கிலி கோத்தவைதான். வரத்துக்கால் வெட்டியவனுக்குக் கணக்கு இதுதான்: தண்ணீர் தேங்கவும் கூடாது, பாய்ந்து மண்ணை அரிக்கவும் கூடாது. ஆகவே சரிவு ரொம்ப மெதுவாக இருக்கும். கரையோ, அது தண்ணீர் மட்டத்துக்குக் கட்டியது, ஏற்ற இறக்கமே கிடையாது. அப்படியானால் கரை பிடித்து, கால்வாய் பிடித்து, அடுத்த கரை பிடித்து மேற்கே போகிறவனுக்கு, தான் மலையை நோக்கி ஏறிக்கொண்டிருப்பதே தெரியாது. தண்ணீர் இறங்கி வந்த வழியில் சைக்கிள் ஏறிப் போகும்.

சால்ஸ்காமர்கூட்டிலும் இதே கதைதான். அங்கே ஒரு சின்ன ரயில் ஓடிக்கொண்டிருந்தது. 1957-இல் அதை மூடிவிட்டார்கள். தண்டவாளத்தைப் பிடுங்கிய இடத்தில் இப்போது பல பகுதிகள் சைக்கிள் பாதை. ரயிலும் செங்குத்தாக ஏறாது, அதனால் அந்தத் தடத்தில் சைக்கிள் மிதிப்பது சுகம். அவர்களுக்கு ரயில் போட்டுக் கொடுத்த சரிவை நமக்குத் தண்ணீர் போட்டுக் கொடுத்தது. வித்தியாசம் என்னவென்றால், அவர்கள் ரயில் போன பிறகும் தடத்தை வைத்துக்கொண்டார்கள்.

வெள்ளைக்காரன் காலத்திலும் கரை கவனிக்கப்பட்டதா என்று சிலர் கேட்பதுண்டு. குடிமராமத்துக்கு ஊர்க்காரர்களை வரச்சொல்லும் சட்டம் 1858-இல் சென்னை மாகாணத்தில் வந்தது. ஊரே தானாகச் செய்துகொண்டிருந்த வேலைக்குச் சட்டம் போட வேண்டி வந்ததே, அதிலிருந்து தெரிந்துகொள்ளுங்கள், பழைய ஏற்பாடு எவ்வளவு குலைந்திருந்தது என்று. 1883-இல் கண்மாய் சீரமைப்புத் திட்டம் என்று ஒன்று தொடங்கி, ஒவ்வொரு கண்மாயாக அளந்து, கரை எவ்வளவு, மடை எத்தனை, கலிங்கு எங்கே என்று எழுதி வைத்தார்கள். எல்லாம் தண்ணீருக்கான கணக்கு. கரைமேல் மனிதன் நடப்பான் என்பதற்கு அதில் கணக்கில்லை.

நிற்க. 1971-க்கு வருகிறேன்.

எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சை முடிந்த வாரம். நாங்கள் நான்கு பேர், மூன்று சைக்கிள். மூன்றும் வாடகை சைக்கிள். நாள் வாடகைக்கு எடுக்கத் தெரிந்த பெரியவர் ஒருவர் சொல்ல வேண்டும், என் சித்தப்பாவைப் பிடித்து, சிவகாசியில் ஒரு துக்க வீடு என்று பொய் சொல்லி வாங்கினோம். (சித்தப்பா இதைப் படிக்கிறார் என்று தெரியும். ஐம்பது வருஷம் தாண்டிவிட்டது, மன்னித்துக்கொள்ளுங்கள்.) போக நினைத்த இடம் ராஜபாளையத்துக்கு மேற்கே மலையடியில் இருக்கும் அய்யனார் கோயில் ஆறு. தார் ரோட்டில் போனால் யாராவது சொந்தக்காரர் பார்த்து வீட்டில் சொல்லிவிடுவார். அதனால் கரை வழி.

விடிவதற்குள் கிளம்பினோம். முதல் கரையில் வரிசையாகப் பனை. கரை திரும்புகிற இடத்தில் அய்யனாரும் அவருடைய மண் குதிரைகளும். இருட்டில் குதிரையைப் பார்த்து ஒருவன் சைக்கிளைப் போட்டுவிட்டான். கோடையானதால் உள்வாயில் தண்ணீர் குட்டையாகக் கிடந்தது, ஓரமாக நாரைகள். கலிங்கில் இறங்கி, கல் மேல் சைக்கிளைத் தூக்கிக் கடத்தி, ஓடை மணலில் தள்ளிக்கொண்டு போய் அடுத்த கரையில் ஏறுவோம். இப்படி எத்தனை கண்மாய் என்று எண்ணிக்கொண்டே போய் எங்கோ எண்ணிக்கை விட்டுப் போனது. தூக்குவாளியில் கம்மங்கஞ்சி. தொட்டுக்கொள்ள வெங்காயம்.

ஒரு இடத்தில் சைக்கிள் சத்தம் மாறியது. அதுவரை கரிசல் பூமி. காய்ந்த கரிசல் மண்ணில் டயர் ஓசையே எழுப்பாது. திடீரென்று சக்கரத்துக்கு அடியில் சரசரவென்று பேச்சு. குனிந்து பார்த்தால் மண் சிவந்திருக்கிறது, செவல். நடுவே பொடிச் சரளை. தலையை நிமிர்த்தினால் மலை பெரிதாகிவிட்டது. நீலமாக இருந்தது பச்சையாகி, மடிப்பு மடிப்பாகப் பிரிந்து நின்றது. பிறகு மாந்தோப்பு, தென்னந்தோப்பு, தூரத்தில் மில் சங்கு. ஆற்றில் விழுந்து கிடந்துவிட்டு, திரும்பும்போது நெருஞ்சி முள்ளும் கருவேல முள்ளுமாக ஐந்து பஞ்சர். வீட்டுக்கு வந்து வாங்கியது தனிக்கதை.

அன்று முழுக்க எங்களைத் தாண்டிப் போன மோட்டார் வண்டி என்று நினைத்துப் பார்த்தால், தார் ரோட்டைக் குறுக்கே கடந்த இடத்தில் ஒரு பஸ். அவ்வளவுதான்.

மியூனிக் தம்பியிடம் அவர் சைக்கிளின் டயர் அகலம் எவ்வளவு என்று கேட்டேன். 40 மில்லிமீட்டர் என்றார். சரளைப் பாதைக்கென்றே கண்டுபிடித்த அளவாம். நாங்கள் மிதித்த ஹெர்குலிஸின் டயரில் 28 X 1½ என்று போட்டிருக்கும். ஒன்றரை அங்குலம் என்றால் 38 மில்லிமீட்டர். பெரிய சக்கரம், நீளமான உடம்பு, குண்டு குழியில் ஆளைத் தூக்கிப் போடாத சாய்வு. நம் ஊர் டபுள் பார் வண்டி பிறவியிலேயே சரளை ரோட்டு வண்டிதான். அது உருவான காலத்தில் உலகம் முழுக்க ரோடு அப்படித்தான் இருந்தது. டன்லப் காற்றடைத்த டயரைக் கொண்டுவந்தது 1888-இல். கப்பி ரோட்டின் தடதடப்பிலிருந்து தப்பிக்கத்தான் அது.

அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள் கம்பெனி 1949-இல் ஆரம்பித்தது. வடக்கே அட்லஸ் 1951, ஹீரோ 1956. சுதந்திரம் வந்த பத்து வருஷத்துக்குள் சைக்கிள் உள்நாட்டுச் சரக்காகிவிட்டது. ஆனாலும் எங்கள் ஊரில் சைக்கிள் என்பது கல்யாணச் சீர். வருஷா வருஷம் வில்லை வாங்கிக் கட்ட வேண்டும். விளக்கில்லாமல் போனால் அபராதம், டபுள்ஸ் போனால் அபராதம். கரையில் போலீஸ் கிடையாது என்பது கரை வழியின் இன்னொரு சௌகரியம்.

அந்தக் கரை வழியை உயிரோடு வைத்திருந்தவர்கள் வேலைக்குப் போனவர்கள்தான். 1922-இல் சிவகாசியிலிருந்து அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழில் கற்று வந்த கதை உங்களுக்குத் தெரியும். தொழில் சிவகாசியில் வளர்ந்தது. வேலை கிராமத்து வீடுகளுக்கும் வந்தது. பெட்டி ஒட்டுவதும் குச்சி அடுக்குவதும் வீட்டு வேலை. ஒட்டிய பெட்டிகளைப் பெரிய பெரிய மூட்டையாக, எடையே இல்லாத மூட்டையாக, கேரியரில் ஆள் உயரத்துக்குக் கட்டிக்கொண்டு போவார்கள். காற்றடித்தால் சைக்கிளே சாயும். ரோட்டில் பஸ் உரசிப் போனால் மூட்டை பறந்துவிடும். அதனால் அவர்களும் கரை. கருவாட்டுக்காரர், வளையல்காரர், ஐஸ்காரர், தந்தி கொண்டுவருகிறவர், எல்லோரும் கரை.

என் அக்காவும் கரைதான். 1968 இருக்கும். பொம்பளைப் பிள்ளை சைக்கிள் விட்டால் தெருவே கூடிச் சிரிக்கும் காலம். அண்ணன் சைக்கிளை எடுத்துக்கொண்டு மத்தியான வெயிலில் கரைக்குப் போய், குரங்குப் பெடல் போட்டுக் கற்றுக்கொண்டாள். நான் காவல். யாராவது வந்தால் விசில் அடிக்க வேண்டும். அவள் கற்றுக்கொண்டாளே தவிர, ஊருக்குள் ஒரு நாளும் ஓட்டவில்லை. கல்யாணமாகிப் போகிற வரைக்கும் அவள் சைக்கிள் விட்டது அந்தக் கரையில் மட்டும்தான்.

பிறகு 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, கலெக்டர் ஷீலா ராணி சுங்கத் பெண்களுக்குச் சைக்கிள் கற்றுத் தருவதைப் படிப்போடு சேர்த்தார். ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கிராமத்துப் பெண்கள் கற்றுக்கொண்டதாகப் பத்திரிகையாளர் சாய்நாத் எழுதியிருக்கிறார். கல் குவாரியில் வேலை செய்த பெண்கள், அங்கன்வாடி ஊழியர்கள், விவசாயக் கூலிகள். அதைப் படித்த அன்று அக்காவுக்கு ஒரு இன்லேண்ட் லெட்டர் போட்டேன். பதிலில், "எனக்கு இருபது வருஷம் பிந்தி வந்த கலெக்டர்" என்று எழுதியிருந்தாள்.

இனி ரோட்டுக்கு வருகிறேன். 1970-இல் நம் ஊருக்குச் சிமெண்ட் ஆலை வந்தது. ஆலை வந்ததால் எத்தனை குடும்பம் நிமிர்ந்தது என்பது இதைப் படிக்கிற பாதிப் பேருக்குச் சொந்த அனுபவம். என் வகுப்பில் உட்கார்ந்தவர்களில் ஆலைத் தொழிலாளர் பிள்ளைகள் எத்தனையோ பேர். ஆலை வந்தால் லாரி வரும், லாரி வந்தால் ரோடு அகலும். சிவகாசியில் பட்டாசும் அச்சும் பெருத்தன. விடியற்காலையில் ஊர் ஊராக ஆள் ஏற்றும் வேன், பஸ். தீபாவளிக்கு முந்தைய மூன்று மாதம் சரக்கு லாரி. 2000 டிசம்பரில் பிரதமர் கிராமச் சாலைத் திட்டம் தொடங்கிய பிறகு, கப்பி ரோடாகக் கிடந்ததும் தாராகிவிட்டது. பிரசவத்துக்கு ஆம்புலன்ஸ் வீட்டு வாசலுக்கு வருகிறது. தார் ரோட்டைக் குறை சொல்கிறவன் கரிசலில் மழைக் காலத்தில் பிரசவ வேதனையில் இருப்பவளைக் கட்டிலில் தூக்கிக்கொண்டு போனதைப் பார்த்திருக்க மாட்டான். நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் ஒரு வேடிக்கை. அமெரிக்காவில் நல்ல ரோடு வேண்டும் என்று முதலில் சங்கம் கட்டிக் கத்தியவர்கள் கார்க்காரர்கள் இல்லை, சைக்கிள்காரர்கள். 1880-இல் தொடங்கிய அவர்களுடைய சங்கம்தான் 'நல்ல சாலைகள்' என்று பத்திரிகையே நடத்தியது. ரோடு வந்தது. அந்த ரோட்டில் கார் வந்தது. பிறகு சைக்கிள்காரன் ஓரத்துக்குப் போனான், ஓரத்திலிருந்து மண்ணில் இறங்கினான். நம் ஊரிலும் அதேதான். அமெரிக்காவுக்கு அறுபது எழுபது வருஷம் பிடித்தது, நமக்குப் பதினைந்து வருஷம்.

இப்போது சொல்லப்போவது எனக்குச் சுலபமில்லாத விஷயம்.

2001-02-இல் ஆதிதிராவிட, பழங்குடி மாணவிகளுக்கு இலவச சைக்கிள் கொடுக்க ஆரம்பித்தார்கள். சில வருஷத்தில் மேல்நிலை வகுப்புப் பிள்ளைகள் எல்லோருக்கும் என்று விரிந்தது. பள்ளிக்கூட மைதானத்தில் புதுச் சைக்கிள்கள் வரிசையாக நின்ற நாள் என் வேலைக் காலத்திலேயே நல்ல நாட்களில் ஒன்று. பின்னால் பீகாரில் பெண் பிள்ளைகளுக்குச் சைக்கிள் கொடுத்ததை ஆராய்ந்தவர்கள், உயர்நிலைப் பள்ளியில் சேரும் பெண்களின் எண்ணிக்கை முப்பது சதவீதத்துக்கு மேல் கூடியது என்று கண்டார்கள், அதுவும் பள்ளிக்கூடம் தூரமாக இருக்கிற ஊர்களில்தான் அதிகம் என்று. எனக்கு அது ஆச்சரியமாக இல்லை. கீழராஜகுலராமன், எதிர்கோட்டை, கொங்கன்குளம் என்று சுற்றுப்பட்டிப் பிள்ளைகளைப் பார்த்தவன் நான். எட்டாம் வகுப்போடு நின்றிருக்க வேண்டிய பெண் பிள்ளைகள் பிளஸ் டூ வந்தார்கள்.

அந்தப் பிள்ளைகள் முதலில் கரை வழியாகத்தான் வந்தார்கள். அப்போது கரை பழைய கரையாக இல்லை. சீமைக்கருவேல் இரண்டு பக்கமும் அடைத்து, நடுவே ஒத்தையடித் தடம்தான் மிச்சம். ஒரு பையனைப் பாம்பு கடித்தது. பிழைத்துக்கொண்டான். பெண் பிள்ளைகளைப் பெற்றவர்கள் வந்து, "அந்த முள்ளுக் காட்டுக்குள்ள தனியா வருதுக சார், பயமாயிருக்கு" என்றார்கள். நான் காலை வழிபாட்டில் ஒலிபெருக்கியைப் பிடித்து, "இனிமே யாரும் கம்மாக்கரை வழியா வரக்கூடாது. ரோட்டு வழியாத்தான் வரணும். மீறி வந்தா சைக்கிளைப் பிடுங்கி வச்சுருவேன்" என்று சொன்னேன். சரியென்று நினைத்துத்தான் சொன்னேன்.

நான்கு மாதம் கழித்து, பிளஸ் டூ படித்த ஒரு பெண்ணை ரோட்டில் லாரி தட்டிவிட்டது. எங்கிருந்தோ வந்து எங்கேயோ போன சரக்கு லாரி. உயிர் தப்பியது. இடது காலில் மூன்று முறை ஆபரேஷன். அந்த வருஷம் பரீட்சை எழுதவில்லை, பிறகு எழுதவே இல்லை. ஆஸ்பத்திரியில் அவளுடைய அப்பா என்னைப் பார்த்து, "நீங்க சொன்னதுக்கு அப்புறம் அவ கரைப் பக்கமே போகல சார்" என்றார். பழியாகச் சொல்லவில்லை, மகள் சொன்ன பேச்சுக் கேட்கிற பிள்ளை என்று பெருமையாகத்தான் சொன்னார். அதுதான் இன்றைக்கும் என்னைக் குத்துகிறது.

நான் அன்று செய்திருக்க வேண்டியது வேறு. பிள்ளைகளை ரோட்டுக்கு அனுப்புவதற்குப் பதிலாக முள்ளை வெட்டியிருக்க வேண்டும். நூறு சைக்கிள் இருந்தது, இருநூறு கை இருந்தது, நாட்டு நலப்பணித் திட்டம் இருந்தது. எனக்குத் தோன்றவில்லை. கரையும் ஒரு ரோடுதான் என்று அன்றைக்கு யாருக்குமே தோன்றவில்லை.

இத்தாலியில் ஒரு ஊர்க்காரர்களுக்குத் தோன்றியிருக்கிறது. டஸ்கனி என்னும் பகுதியில், மலைச்சரிவுகளுக்கு இடையே வெள்ளைச் சரளைப் பாதைகள் உண்டு, நம் சுக்கான் மண் பாதை மாதிரி. ஒவ்வொன்றாகத் தார் போட்டுக்கொண்டே வந்தார்கள். 1997-இல் அங்கே கியோலே என்ற சின்ன ஊரில் ஜான்கார்லோ புரோச்சி என்பவரும் நண்பர்களும், பழைய சைக்கிளில் பழைய பாதையில் ஒரு நாள் சவாரி என்று ஆரம்பித்தார்கள். முதல் வருஷம் வந்தது நூறு பேர் அளவுதான். இன்று உலகத்திலிருந்து ஆயிரக்கணக்கில் வருகிறார்கள். அந்த வெள்ளைப் பாதைகளைக் காப்பாற்ற வேண்டும் என்ற எண்ணம் அதில்தான் வேர் பிடித்தது. அவர்கள் சாலை மறியல் எதுவும் செய்யவில்லை. சைக்கிள் மிதித்தார்கள், அவ்வளவுதான்.

நமக்கும் ஒரு வாய்ப்பு தானாக வந்தது. 2017-இல் குடிமராமத்து என்று பழைய பெயரிலேயே அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. அதே சமயம் சீமைக்கருவேலை அகற்றச் சொல்லி உயர்நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவும் வந்தது. நம் பக்கத்திலும் சில கண்மாய்களில் முள் எடுத்து, கரையை உயர்த்தி, கிராவல் போட்டு இறுக்கினார்கள். ஓய்வு பெற்ற பிறகு காலை நடை அங்கேதான் போகிறேன். இரண்டு வருஷத்துக்கு முன் நடை போய் சைக்கிள் ஆகிவிட்டது, டாக்டர் மூட்டுக்கு அதுதான் நல்லது என்றார். பழைய ஹெர்குலிஸை ஓவராயிலிங் செய்து, ரிம் கோட்டம் எடுத்து, டயர் மாற்றி வைத்திருக்கிறேன். அந்த டயர் அளவு கிடைக்க சிவகாசியில் நான்கு கடை ஏறி இறங்க வேண்டியிருந்தது.

ஆனால் ஒரு கரையிலிருந்து அடுத்த கரைக்குப் போக முடியவில்லை. நடுவே வண்டிப்பாதை ஒன்று இருந்தது. நாங்கள் 1971-இல் போனதும், அந்தப் பெண் பள்ளிக்கூடம் வந்ததும் அதில்தான். இப்போது அதன் குறுக்கே கல் ஊன்றி முள்கம்பி. இந்தப் பக்கம் உழுது விதைத்திருக்கிறார்கள், அந்தப் பக்கம் பிளாட் போட்டு வண்ணக் கல் நட்டிருக்கிறார்கள். யார் என்பது வேண்டாம், எனக்குச் சண்டை போடும் வயதில்லை. தாலுகா அலுவலகத்தில் மனுப் போட்டுக் கிராம வரைபடத்தின் நகல் வாங்கினேன். கிழக்கு மேற்காக, கலிங்கிலிருந்து அடுத்த கண்மாயின் உள்வாய் வரை அந்தப் பாதை இரட்டைக் கோடாகத் தெளிவாக இருக்கிறது. வண்டிப்பாதைப் புறம்போக்கு. அந்தக் காகிதத்தைப் பார்த்தபோது, இத்தனை வருஷம் வரலாறு நடத்தியவன் நம் ஊருடைய முதல் ஆவணத்தை அறுபத்தி சொச்சம் வயதில்தான் கையில் எடுக்கிறேன் என்று வெட்கமாக இருந்தது.

போன அக்டோபர் 2 கிராம சபையில் மனுவைக் கொடுத்தேன். "ரோடு போட்டாச்சு, இனி எதுக்கு சார் வண்டிப்பாதை? வண்டி மாடே இல்லையே" என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். நான் பதில் யோசித்துக்கொண்டிருக்கும்போது பின் வரிசையிலிருந்து ஒரு அம்மா எழுந்து நின்றார். லேசாகக் காலைச் சாய்த்து நிற்பார். தையல் கடை வைத்திருக்கிறார். மேலே சொன்னேனே, அந்தப் பெண்தான். (அவரிடம் கேட்டுக்கொண்டுதான் இதை எழுதுகிறேன்.) "எம்மக அடுத்த வருசம் பிளஸ் ஒன் போகுது. சைக்கிள் குடுப்பாங்க. ரோட்டுல நான் அனுப்ப மாட்டேன்" என்றார். வேறு எதுவும் பேசவில்லை, உட்கார்ந்துவிட்டார். தீர்மானம் நிறைவேறியது. தீர்மானம் நிறைவேறியதால் கம்பி தானாக விழுந்துவிடாது என்பது எனக்குத் தெரியும். சர்வேயர் வந்து அளக்க வேண்டும். பொங்கல் கழித்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

அதனால் ஒரு வேண்டுகோள். பொங்கலுக்கு ஊருக்கு வருகிறவர்கள், மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் காலை ஆறு மணிக்குப் பெரிய மடைப் பக்கம் வாருங்கள். எந்தச் சைக்கிளானாலும் சரி, பக்கத்து வீட்டில் இரவல் வாங்கினாலும் சரி. அய்யனார் கோயிலிலிருந்து கலிங்கு வரை கரையில் போவோம், பிறகு கம்பி வரை. அங்கே நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடுவோம், யாரோடும் தகராறு வேண்டாம். சர்வேயர் வருவதற்கு முன்னால் அந்தத் தடத்தில் நாற்பது ஐம்பது டயர் பதிந்திருந்தால் போதும். டயரில் காற்றைக் கல் மாதிரி அடைக்காதீர்கள், சரளையில் கொஞ்சம் இளக்கமாக இருந்தால்தான் பிடிக்கும். முந்தின நாள் மழை பெய்தால் கரையை விட்டுக் கரிசலில் இறங்க வேண்டாம்.

மியூனிக் தம்பி டிக்கெட் போட்டுவிட்டார். அவருடைய விலை உயர்ந்த வண்டியைக் கொண்டுவர வேண்டாம், இங்கே என் அண்ணன் மகனுடைய அட்லஸ் சும்மாதான் நிற்கிறது என்று சொல்லியிருக்கிறேன். அக்காவும் வருகிறேன் என்கிறாள். எழுபத்தைந்து வயதுக்கு மேல் சைக்கிள் வேண்டாம் என்று மருமகன் சொல்கிறார், மாமியாருக்கும் மருமகனுக்கும் இடையில் நான் தலையிடப் போவதில்லை.

முள் குத்தினால் கவலைப்படாதீர்கள். சொல்யூஷன், ஒட்டுத் துண்டு, பம்பு எல்லாம் நான் எடுத்து வருகிறேன். வால்டியூப் மட்டும் யாராவது சிவகாசியிலிருந்து வாங்கி வாருங்கள், இங்கே தீர்ந்துவிட்டதாம்.